பிரித்தானி: ஊரிலிருந்து வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

பிரித்தானியின் லோரியாங் நகரில் குடியேறிப் பல வருடங்கள் ஆகின்றன. கோடை வந்தால் பாரிஸிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ சொந்தக்காரர் யாராவது பெட்டியோடு வந்து இறங்குவார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றே. ஒவ்வொரு தடவையும் காரை ஓட்டிக்கொண்டே சொன்னதை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இந்த ஊரில் எது நிஜமாகவே பழசு, எது பழசு போல வேஷம் கட்டியது என்று நோண்டிப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு.

பிரித்தானி என்பது பிரிட்டன்தானே?

இல்லை. பிரான்சின் வடமேற்கு மூலையில் அட்லாண்டிக் கடலுக்குள் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும் தீபகற்பம் இது. ஆனால் பெயர் ஒன்றாக இருப்பது தற்செயல் இல்லை. 5, 6ஆம் நூற்றாண்டுகளில் பிரிட்டன் தீவின் தென்மேற்கிலிருந்தும் வேல்ஸிலிருந்தும் மக்கள் ஆங்கிலக் கால்வாய்க் கடலைக் கடந்து இங்கே குடியேறினார்கள். அதற்கு முன்பு இந்த நிலத்துக்கு அர்மோரிக்கா என்று பெயர். கடலோரம் என்று பொருள். வந்தவர்கள் தங்கள் மொழியையும் துறவிகளையும் ஊர்ப்பெயரையும் கொண்டுவந்தார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு இது 'பிரெத்தாஞ்'. அந்தத் தீவு 'பெரிய பிரெத்தாஞ்'. உள்ளூர் மொழியில் 'ப்ரெய்ஸ்'.

எவ்வளவு பெரியது?

இன்றைய நிர்வாக எல்லைப்படி நான்கு மாவட்டங்கள், சுமார் 27,200 சதுர கி.மீ., 34 லட்சம் பேர், தலைநகர் ரென். ஆனால் இதைச் சொன்னதும் எதிர்வீட்டுப் பெரியவர் சண்டைக்கு வருவார். கோமகன்கள் (டியூக்குகள்) ஆண்ட பழைய நாட்டில் ஐந்தாவதாக நான்த் நகரத்துப் பகுதியும் இருந்தது. கோமகன்களின் கோட்டையே அங்கேதான் நிற்கிறது. 1941இல், ஜெர்மானியருக்கு ஒத்துப்போன போர்க்கால விஷி அரசு அதைத் தனியாக வெட்டியது; போருக்குப் பிறகு மண்டலங்களை வகுத்தவர்களும் அந்த வெட்டை ஒட்டவில்லை. நான்த்தின் மாவட்ட எண்ணான 44 பிரித்தானிக்கே சொந்தம் என்ற சுவர் எழுத்தைச் சாலையோரம் பார்த்தால், விஷயம் இதுதான்.

நிலம் எப்படி இருக்கும்? மலை உண்டா?

மலை என்று அவர்கள் சொல்வார்கள். நாம் சிரிக்கக் கூடாது. ஆரே மலைத்தொடரின் உச்சியான ரோக் ரூஸ் 385 மீட்டர்தான். பல கோடி ஆண்டுகள் தேய்ந்து தேய்ந்து மிஞ்சிய மிகப் பழைய மலையின் அடிக்கட்டை அது. மேலே மரம் குறைவு. புதரும் சதுப்பும் மூடுபனியும். அங்குள்ள ஒரு சதுப்பு நரகத்தின் வாசல் என்று கிழவிகள் கதை சொன்னார்கள். அதே இடத்தில் 1960களில் அணு உலை கட்டினார்கள். 1985இல் மூடிய அந்த உலையைப் பிரித்தெடுக்கும் வேலைதான் பல பத்தாண்டுகளாக இழுத்துக்கொண்டிருக்கிறது.

இந்த நாட்டுக்காரர்கள் நிலத்தை இரண்டாகப் பிரிப்பார்கள்: கடலோரம் 'அர்மோர்', உள்நாட்டுக் காடு 'அர்கோவாத்'. வருகிறவர்கள் எல்லோரும் அர்மோருக்கே போகிறார்கள், அதில் தப்பும் இல்லை. வடக்கே ப்ளூமனாக்கில் இளஞ்சிவப்புக் கருங்கற்பாறைகள், யாரோ அடுக்கிவைத்துவிட்டுப் போனதுபோல் கிடக்கும். மேற்கு முனை மாவட்டத்தின் பெயர் ஃபினிஸ்தேர்: லத்தீனில் 'நிலத்தின் முடிவு'. அதே இடத்துக்கு உள்ளூர் மொழியில் 'பென் ஆர் பேத்', அதாவது உலகத்தின் தலை. பாரிஸிலிருந்து வருகிறவனுக்கு முடிவு, கடலில் இறங்குகிறவனுக்குத் தொடக்கம்.

அந்த முனைக்கு அப்பால், சேன் தீவுக்கு மேற்கே கடல் நடுவில் ஆர்மென் கலங்கரை விளக்கம் இருக்கிறது. 1867இல் வேலை தொடங்கியபோது, கடல் வற்றினால் மட்டுமே தலைகாட்டும் ஒரு பாறையில் ஏறித் துளை போட வேண்டியிருந்தது. அந்த முதல் வருடம் முழுக்க ஏழு முறைதான் பாறையில் கால்வைக்க முடிந்தது. மொத்த வேலை நேரம் எட்டு மணி. விளக்கு ஏற்றியது 1881இல்.

கடல் ஏற்றவற்றம் பயங்கரம் என்கிறார்களே?

ஆமாம், விளையாட்டில்லை. சேன் மலோ பக்கம் பெரிய ஓதத்தின்போது ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 12 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். நான்கு மாடி உயரம். காலையில் நடந்துபோன தீவிலிருந்து மதியம் திரும்பிவர முடியாது. கடற்கரைக்குப் போகுமுன் ஓத அட்டவணையைப் பாருங்கள், மருந்துக்கடைக்காரர்கூட வைத்திருப்பார். ரான்ஸ் ஆற்று முகத்தில் இந்த ஓதத்தை வைத்தே 1966 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள்: 24 சுழலிகள், 240 மெகாவாட். அணை மேலேயே சாலை போகிறது.

எப்பவும் மழைதானாமே?

கணக்கைக் கேட்டால் நம்மவர்கள் நம்ப மாட்டார்கள். மழைக்குப் பேர்போன பிரெஸ்டில் வருடத்துக்குச் சுமார் 1,200 மி.மீ.; சென்னையில் சுமார் 1,400. ரென் நகரில் 700 அளவுதான். வித்தியாசம், சென்னை அதில் பெரும்பகுதியை இரண்டு மூன்று மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடும். பிரெஸ்ட் வருடம் பூராவும் தூறிக்கொண்டிருக்கும். குடை கொண்டுவராதீர்கள், காற்று திருப்பிப் போட்டுவிடும். தொப்பி வைத்த மழைச்சட்டை போதும்.

கர்னாக் கற்கள் என்ன? யார் நட்டது?

இங்கே நிஜமான பழசு இதுதான். கர்னாக் ஊரைச் சுற்றி ஏறக்குறைய 3,000 கற்கள், வரிசை வரிசையாக, கிலோமீட்டர் கணக்கில் நிற்கின்றன. கி.மு. 4500ஐ ஒட்டித் தொடங்கி, பல நூற்றாண்டுகளாக நட்டார்கள். நட்டவர்கள் பயிரிடவும் மாடு வளர்க்கவும் அப்போதுதான் பழகியிருந்த புதிய கற்கால மக்கள்; எழுத்து கிடையாது, உலோகக் கருவி கிடையாது. ரோமானியருக்கு முன் மேற்கு ஐரோப்பாவில் பரவியிருந்த கெல்ட்டுகளுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அவர்கள் வந்தது பல ஆயிரம் ஆண்டுகள் கழித்து. நினைவுப்பொருள் கடைகளில் கெல்ட்டுகளின் வெள்ளைத் தாடி துருயித் பூசாரியைக் கல்லோடு சேர்த்து விற்பது வியாபாரம். உள்ளூர்க் கதை அதைவிட நன்றாக இருக்கும்: ரோமானியச் சிப்பாய்கள் துரத்தி வந்தார்களாம், புனித கொர்னெலி திரும்பிப் பார்த்தாராம், அணிவகுப்பு அப்படியே கல்லாய்ச் சமைந்ததாம். கொர்னெலி மாடுகளின் காவலர் என்பதால் அவர் கோயில் முகப்பில் இரண்டு பக்கமும் காளை இருக்கும்.

என்னைக் கேட்டால், கர்னாக்கோடு நிறுத்திவிட்டுத் திரும்பாதீர்கள். பக்கத்தில் லோக்மரியாகேரில் 20 மீட்டர் நீளமுள்ள ஒற்றைக்கல் நான்கு துண்டாக உடைந்து கிடக்கிறது. எடை சுமார் 300 டன். பல கிலோமீட்டர் தொலைவிலிருந்து கொண்டுவந்த பாறை. நிலநடுக்கத்தில் விழுந்ததா, வேண்டுமென்றே சாய்த்தார்களா என்று ஆய்வாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். படகில் கவ்ரினிஸ் தீவுக்குப் போனால் கல்லறை உள்சுவர் முழுக்க கைரேகை போல வளைவு வளைவாகச் செதுக்கியிருப்பார்கள். அதன் கூரைக்கல்லும் லோக்மரியாகேரில் உள்ள இன்னொரு கல்லறையின் கூரைக்கல்லும் ஒரே பெரிய கல்லின் துண்டுகள். கல்லில் செதுக்கிய விலங்கின் உடம்பு அங்கே பாதி, இங்கே பாதி. பழைய கோயிலை உடைத்துப் புதியது கட்டுவது அப்போதே இருந்திருக்கிறது.

வடக்குக் கடற்கரையில் பர்னனேஸ் என்ற கல்மேடு, 72 மீட்டர் நீளம், 11 அறைகள். எகிப்தின் பெரிய பிரமிடைவிட இரண்டாயிரம் ஆண்டு மூத்தது. 1950களில் ஒப்பந்தக்காரர் ஒருவர் அதைச் சாலை போட ஜல்லிக்குவியலாக நினைத்து வெட்டத் தொடங்கினார். அறைகள் வெளியே தெரிந்த பிறகே நிறுத்தினார்கள்.

கர்னாக்கும் மோர்பியான் மாவட்டக் கரையோரக் கற்களும் 2025 ஜூலையில்தான் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. நம் தொல்லியல் புத்தகங்களில் நெடுங்கல்லுக்கு 'மென்ஹிர்', கல்திட்டைக்கு 'டால்மென்' என்று போட்டிருப்பார்கள் அல்லவா? அந்தச் சொற்கள் இந்த ஊர் மொழியை வைத்துச் செய்தவை. 'மேன்' என்றால் கல், 'ஹிர்' என்றால் நீளம், 'தாவோல்' என்றால் மேசை. நம்மூர் நெடுங்கற்கள் இரும்புக் காலத்தவை. இவற்றுக்கும் அவற்றுக்கும் வேறு உறவு கிடையாது.

இங்கே பேசுவது பிரெஞ்சுதானே? பிரெத்தோன் என்பது அதன் வட்டார வழக்கா?

இதை மட்டும் எதிர்வீட்டுப் பெரியவரிடம் கேட்காதீர்கள். பிரெத்தோன் கெல்டிக் மொழி. வேல்ஸ் மொழியும் கார்ன்வால் மொழியும் அதன் சகோதரிகள். பிரெஞ்சோடு உறவு என்றால், நூறு தலைமுறைக்கு முன்னால் ஏதோ ஒரு பாட்டனார் பொது. கிழக்குப் பகுதியில் பேசிய கல்லோ மொழிதான் பிரெஞ்சுக்கு நெருங்கிய சொந்தம்.

சொல்லின் முதல் எழுத்தே மாறும் மொழி இது. அப்பாவுக்கு 'தாத்' (இரண்டாவது 'த்' மெல்லியது). என் அப்பா 'வா சாத்', உன் அப்பா 'தா தாத்', அந்த இரண்டாவது 'தா' வேறு நம் 'பாதம்' சொல்லின் த போல மெல்லியது. அகராதியில் தேடினால் கிடைக்காமல் முழிப்பீர்கள். 'க்லாஸ்' என்ற ஒரே சொல் கடல் நீலத்துக்கும் புல் பச்சைக்கும் ஆகும். 1499இல் திரெகியே நகரில் பிரெத்தோன், பிரெஞ்சு, லத்தீன் மூன்றுக்கும் சேர்த்து அகராதி அச்சிட்டார்கள். பிரெஞ்சு மொழிக்கே அதுதான் முதல் அகராதி என்பதைப் பாரிஸ்காரரிடம் சொல்லிப் பாருங்கள், முகம் போகும் போக்கைப் பார்க்கலாம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பத்து லட்சம் பேர் பேசினார்கள். 2024 கணக்கெடுப்பில் 1,07,000. ஒரே ஆயுட்காலத்தில் பத்தில் ஒன்று. பள்ளியில் பிரெத்தோன் பேசிய பிள்ளையின் கழுத்தில் மரச்செருப்பையோ கல்லையோ தொங்கவிடுவார்கள். அடுத்துப் பேசி மாட்டுகிறவனிடம் அது போகும். மாலையில் யாரிடம் இருக்கிறதோ அவனுக்குத் தண்டனை. அப்படி வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் வீட்டில் பிரெஞ்சே பேசினார்கள். வெட்கமும் வேலை கிடைக்க வேண்டும் என்ற கணக்கும் சேர்ந்து செய்த காரியம். பேரன் பேத்திகள்தான் இப்போது காசு கட்டி மாலை வகுப்பில் படிக்கிறார்கள்.

1977இல் பெற்றோர்கள் சேர்ந்து தொடங்கிய திவான் பள்ளிகளில் ஏறக்குறைய எல்லாப் பாடமும் பிரெத்தோனில்தான். இதற்குச் சட்டப் பாதுகாப்பு தரும் மசோதா 2021 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் தேறியது. மே மாதமே அரசியலமைப்பு மன்றம், முழுக்க முழுக்க வேறு மொழியில் கற்பிக்கும் பிரிவைத் தள்ளுபடி செய்துவிட்டது. பள்ளிகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. எங்கள் தெருப் பெயர்ப்பலகை இரண்டு மொழியில் இருக்கிறது. தெருவில் அந்த மொழி கேட்பது அபூர்வம்.

ஊர்ப்பெயர்களுக்கு அர்த்தம் உண்டா?

நிறைய. 'கேர்' என்று தொடங்கினால் குடியிருப்பு, 'ப்ளூ' என்றால் கோயில் பங்கு (ஒரு பாதிரியாரின் கீழ் வரும் ஊர்), 'லான்' என்றால் புனித இடம், 'பென்' என்றால் தலை. மோர்பியான் 'சின்னக் கடல்'. இரண்டு ஆறு சேரும் இடத்தில் இருக்கும் கேம்பேர் நகரத்தின் பெயருக்குப் பொருள் நேராகக் 'கூடல்'. ஆள் பெயரும் இப்படித்தான்: ல கோஃப் கொல்லர், ல பியான் சின்னவர், ல பிராஸ் பெரியவர்.

புதுச்சேரிக்கும் இதற்கும் ஏதோ தொடர்பு என்கிறீர்களே?

நான் குடியிருக்கும் ஊரே அந்தத் தொடர்பால் பிறந்தது. 1666இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்த முகத்துவாரத்தில் நிலம் ஒதுக்கினார்கள். கப்பல் கட்டும் துறை வந்தது. 'கீழ்த்திசைச் சூரியன்' என்ற பெரிய கப்பல் இங்கே உருவாகி, அதன் பெயரால் ஊருக்கே லோரியாங், கீழ்த்திசை, என்று பெயர் ஆயிற்று. இங்கிருந்து கிளம்பிய கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் புதுச்சேரி போய்த் திரும்ப ஒன்றரை வருடத்துக்கு மேல் பிடிக்கும். கொண்டுவந்த சரக்கில் மிளகு உண்டு, பட்டு உண்டு. ஆனால் முதன்மை சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிதான். பிரான்சின் நெசவு முதலாளிகள் அலறியதால் 1686 முதல் 1759 வரை வண்ணம் தீட்டிய இந்தியத் துணியை அரசு தடை செய்தது. தடை செய்ததும் எல்லோருக்கும் அதுவே வேண்டும் என்றாகி, கள்ளக்கடத்தல் கொழித்தது.

துணியின் இன்னொரு வழியையும் சொல்ல வேண்டும். அவுரி நீலம் தோய்த்த துணி ஆப்பிரிக்கக் கரைக்குப் போய், அங்கே மனிதர்களை விலைக்கு வாங்கப் பயன்பட்டது. அந்த அடிமை வணிகத்தில் பிரான்சின் முதன்மைத் துறைமுகம் நான்த். 2012இல் அங்கே ஆற்றங்கரையில் நினைவகம் திறந்தார்கள்.

1746இல் சென்னைப்பட்டணத்தைப் பிடித்த லபூர்தொனே சேன் மலோக்காரர். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் அவருக்கும் புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேவுக்கும் நடந்த சச்சரவெல்லாம் வருகிறது. புதுச்சேரியில் லபூர்தொனே பெயரில் இன்றும் தெரு இருக்கிறது, சேன் மலோவின் கடற்கொள்ளைத் தலைவன் சுர்கூஃபின் பெயரிலும். ('கொள்ளையன்' என்று இங்கே சொல்லக் கூடாது, அரசாங்கத்திடம் அனுமதிச் சீட்டு வாங்கி எதிரிக் கப்பல்களைக் கொள்ளையடித்தவர்.)

பழைய லோரியாங்கைப் பார்க்க ஆசைப்படாதீர்கள், இல்லை. ஜெர்மானியர்களின் நீர்மூழ்கித் தளம் இங்கே இருந்ததால் 1943 ஜனவரி, பிப்ரவரியில் நேசநாட்டு விமானங்கள் ஊரைத் தரைமட்டமாக்கின. தளத்தின் கான்கிரீட் மட்டும் கீறல் விழாமல் நின்றது, இன்னும் நிற்கிறது. கம்பெனியின் அருங்காட்சியகம் எதிர்க்கரையில் போர்லூயி கோட்டைக்குள். நகரப் படகில் போகலாம்.

அந்த உயர வெள்ளைத் தொப்பி, இசை, நடனம் எல்லாம் கெல்டிக் காலத்ததா?

என் கெட்ட பழக்கத்துக்குத் தீனி இங்கேதான். பிகூதேன் பகுதிப் பெண்களின் குழல் போன்ற சரிகைத் தொப்பி 1900 வாக்கில் சில அங்குலம்தான் இருந்தது. போட்டி போட்டு வளர்ந்து 1940களில் ஓர் அடி உயரத்தைத் தாண்டியது. அதை வைத்துக்கொண்டு காரில் ஏற முடியாது. பிரித்தானியின் கறுப்பு வெள்ளைக் கொடி 1923இல் ஓர் இளைஞர் வரைந்தது. குழுவாக அணிவகுக்கும் 'பகாத்' வாத்தியக் கோஷ்டி 1940களில் ஸ்காட்லாந்தைப் பார்த்து உருவானது. ஊர் ஊராக நடக்கும் 'ஃபெஸ்ட் நோஸ்' இரவு நடனம்கூட, அறுவடைக் கொண்டாட்டமாக இருந்து மறைந்துபோய், 1950களில் கூடங்களில் மறுபடி உயிர்பெற்றது. 2012இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிற்று.

புதுசு என்பதால் போலி என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு ஃபெஸ்ட் நோஸுக்குப் போய்ப் பாருங்கள். சுண்டுவிரல்களைக் கோத்துக்கொண்டு பல்லுப்போன தாத்தாவும் பச்சைத்தலைமுடிப் பெண்ணும் ஒரே சங்கிலியில் சுற்றுவார்கள். யாரும் உங்களைக் கேட்காமலே இழுத்துக்கொள்வார்கள். ஒருவர் பாட, அவர் வரியின் கடைசி அசையிலேயே அடுத்தவர் பிடித்துக்கொள்ளும் 'கான் ஹா திஸ்கான்' பாட்டுக்கு வாத்தியமே வேண்டாம். வாத்தியம் இருந்தால் பொம்பார்த். இரட்டைச் சீவாளி, நாகஸ்வரத்தின் குட்டித் தம்பி போல உருவம், சத்தம் மட்டும் குட்டி இல்லை. ஊதுகிறவருக்கு மூச்சு வாங்குவதால் ஒரு வரி விட்டு ஒரு வரி ஊதுவார்; கூட இருக்கும் பினியு பைக்குழல் இடைவிடாமல் இழுக்கும்.

ஆகஸ்டில் லோரியாங்கில் கெல்டிக் விழா, 1971 முதல் நடக்கிறது. அந்தப் பத்து நாளும் எங்கள் வீட்டில் தூக்கம் கிடையாது.

கோயில் திருவிழா உண்டா?

'பர்தோன்' என்பார்கள், மன்னிப்பு என்று பொருள். ஊர்க் காவல் புனிதரின் நாளில் பூசை, கொடி, சுரூபப் பவனி, பிறகு சாப்பாடு. வேளாங்கண்ணி பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். பெரியது ஜூலை 26இல் சேந்த் ஆன் தோரே ஊரில், புனித அன்னம்மாளுக்கு. 1625இல் நிக்கொலாசிக் என்ற விவசாயி வயலில் அவர் சுரூபத்தைக் கண்டெடுத்தார். அன்னம்மாள் அவரிடம் பிரெத்தோனில்தான் பேசினாராம். திரெகியேயில் மே மாதம் புனித ஈவுக்கு விழா. அவர் வழக்கறிஞர்களின் காவலர். 'வழக்கறிஞர், ஆனால் திருடர் இல்லை. மக்களுக்கு ஒரே ஆச்சரியம்' என்று அவரைப் பற்றி லத்தீனில் பழமொழியே இருக்கிறது. கறுப்பு அங்கியோடு வக்கீல்கள் பவனியில் நடப்பதைப் பார்க்கலாம்.

கட்டடம் பிடிக்கும் என்றால் கிமிலியோ, சேன் தெகொனெக் ஊர்களின் கோயில் வளாகங்கள். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஆளிநார்த் துணி (லினன்) விற்ற பணம். பக்கத்து ஊரைவிட ஒரு பிடி உயரமாகக் கட்ட வேண்டும் என்ற வீம்பு. கிமிலியோவின் கற்சிலுவை மேடையில் மட்டும் சுமார் 200 உருவங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

'கலெத்' கிடைக்கும்: கறுப்புக் கோதுமை மாவை வட்டக்கல்லில் மரக்கட்டையால் இழுத்துச் சுடுவது. நம்மவர்கள் பார்த்ததும் ராகி தோசை என்பார்கள். பேரில்தான் கோதுமை, செடி வேறு குடும்பம், ஆசியாவிலிருந்து வந்தது, ஏழை மண்ணில் விளையும். வழக்கமாக உள்ளே பன்றித் தொடைக்கறி, முட்டை, பாலாடைக்கட்டி வைப்பார்கள். கறி வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் கல்லுக்குத் தடவுவது சில இடங்களில் பன்றிக்கொழுப்பு. கேட்டுக்கொள்வது நல்லது. இனிப்பு 'கிரெப்' சாதாரணக் கோதுமையில்.

வெண்ணெய் எப்போதும் உப்பு போட்டதுதான். உப்பு வரி பிரான்சையே பிழிந்த காலத்தில் பிரித்தானிக்கு விலக்கு இருந்தது. அந்த நாக்கு இன்னும் மாறவில்லை. அதே வெண்ணெயும் சர்க்கரையும் மாவும் மடித்து மடித்துச் சுட்ட துவார்னனே ஊர்ப் பலகாரம் 'குயின் அமான்'. ஒரு துண்டுக்கு மேல் சாப்பிடுகிறேன் என்று பந்தயம் கட்டாதீர்கள்.

மோன் சேன் மிஷேல் பிரித்தானியில்தானே?

கடலுக்குள் பாறை மேல் நிற்கும் அந்த மடாலயம் பக்கத்து நார்மண்டியில். எல்லையில் ஓடும் குவேனோன் ஆறு கிறுக்குப் பிடித்துப் பாதை மாறியதால் மலை அவர்களுக்குப் போய்விட்டது என்று இங்கே ஒரு பாட்டே இருக்கிறது.

சாலையில் சுங்கம் ஏன் இல்லை?

ஆன் அரசி பேசி வாங்கிய சலுகை என்று எல்லோரும் சொல்வார்கள். சுதந்திரப் பிரித்தானியின் கடைசிக் கோமகள் ஆன், 1491இலும் 1499இலும் அடுத்தடுத்து இரண்டு பிரெஞ்சு மன்னர்களை மணந்தவர். நாடு பிரான்சோடு இணைந்தது அவர் இறந்த பிறகு, 1532இல். அவர் காலத்தில் நான்குவழிச் சாலை ஏது? 1969இல் அரசு, ஒதுங்கிக் கிடந்த பகுதியை முன்னேற்ற என்று இலவசச் சாலைத் திட்டம் போட்டது. அவ்வளவுதான்.

குறையே இல்லையா?

இருக்கிறது. பிரான்சின் பன்றிகளில் பாதிக்கு மேல் இங்கேதான் வளர்கின்றன. தீவிர விவசாயத்தின் நைட்ரேட் ஆற்றில் இறங்கி, ஆழம் குறைந்த வளைகுடாக்களில் பச்சைப் பாசி குவிகிறது. அழுகும்போது வரும் வாயு நஞ்சு. 2009இல் ஒரு குதிரை கடற்கரையிலேயே செத்தது. எச்சரிக்கைப் பலகை இருந்தால் பிள்ளைகளை இறக்காதீர்கள். 1978 மார்ச்சில் 'அமொக்கோ காதிஸ்' என்ற எண்ணெய்க் கப்பல் போர்சால் ஊர்ப் பாறையில் மோதி 2.2 லட்சம் டன் கச்சா எண்ணெய் கொட்டியது. சின்னச் சின்ன ஊராட்சிகள் சேர்ந்து சிக்காகோ நீதிமன்றம்வரை போய் 14 ஆண்டு வழக்கு நடத்தின. அந்தக் கப்பலின் நங்கூரம் துறைமுகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

எப்போது, எப்படி வருவது?

பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து ரென் ஒன்றரை மணி, லோரியாங் மூன்று மணி. ஜூன் அல்லது செப்டம்பர். கர்னாக் வரிசைகளுக்குள் கோடையில் வழிகாட்டியோடுதான் விடுவார்கள். குளிர்காலத்தில் காசில்லாமல் நீங்களே நடக்கலாம்.

நாலு வார்த்தை சொல்லிக் கொடுங்களேன்.

'தேமாத்' வணக்கம். 'த்ருகாரே' நன்றி. கோப்பையை உயர்த்தினால் 'யெஹெத் மாத்', நல்ல உடம்பு. கிளம்பும்போது 'கெனாவோ', மறுபடி பார்க்கும்வரை. பிரெத்தோன் ஒரு சொல்கூடத் தெரியாத ரொட்டிக்கடைப் பெண்ணும் கடைசிச் சொல்லை மட்டும் சொல்லித்தான் அனுப்புவாள்.